எறும்புக்கு வக்காலத்து வாங்குறவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை சென்னையிலிருந்து ஒரு தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தார். கொய்யா மரங்களில் சுத்தியிருந்த கிரீஸ் துணியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போச்சு. "என்னண்ணா, இயற்கை விவசாயம்னு எழுதுறீங்க, எறும்பை ஏறவிடாம பண்றீங்களே? அது விவசாயியோட நண்பனாச்சே!" யார் சொன்னதுன்னு கேட்டேன். வாட்ஸப்பில் வந்ததாம்.

ஏனுங்க தம்பி, நண்பன்தான். யாருக்கு?

மாவுப்பூச்சி சாறை உறிஞ்சிட்டு மிச்சத்தை இனிப்புத் தண்ணியா வெளியே விடும். எறும்பு மரமேறுறது அதுக்காகத்தான். நாம பாலுக்கு மாடு வளர்க்கிற மாதிரி அது மாவுப்பூச்சியைக் காவல் காக்குது. மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டையும், அது உடம்புக்குள்ள முட்டை வைக்க வர்ற குளவியையும் விரட்டி அடிக்கிறது இந்த "நண்பன்"தான்.

அந்தக் குளவியைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2008ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. எந்த மருந்துக்கும் அடங்கலை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கடுகைவிடச் சின்னக் குளவிதான் அதை அடக்குச்சு.

போன வருசம் நானும் காசு கொடுத்துப் பொறிவண்டு வாங்கி விட்டேன். 1898லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம்ம நாட்டுக்கு வந்த வண்டு அது. (அதோட புழுவும் வெள்ளையா, மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். மாடித்தோட்டக்காரங்க அதைத்தான் நசுக்கிட்டு, பூச்சியைக் கொன்னேன்னு போட்டோ போடுறாங்க.) எறும்பைப் பத்தி யோசிக்காம விட்டதுதான் என் முட்டாள்தனம். பத்தே நாளில் வண்டைக் காணோம். அந்த இனிப்புத் தண்ணியில் கரும்பூசணம் பிடிச்சு காயெல்லாம் கரி பூசின மாதிரி ஆச்சு. வியாபாரி கூடையைத் தொடக்கூட இல்லை.

"இயற்கை தானா பார்த்துக்கும்"னு சொல்றவங்களுக்கு அந்தக் கூடையைக் காட்டணும். இன்னொரு பக்கம் மருந்துக்கடைக்காரர், எறும்புப் பொடியை மரம் பூரா தூவச் சொல்றார். தூவினா குளவியும் சேர்ந்து சாகும்.

எறும்பே வேண்டாம்னு நான் சொல்லலை. தரையில் இருக்கிறது கறையானைத் தின்னுது, இருக்கட்டும். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரங்க ஆயிரம் வருசத்துக்கு மேலா முசுறுக் கூட்டை மரத்தில் வச்சு, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் கட்டி வளர்த்திருக்காங்க. அது காய் கெடுக்கிற பூச்சியை வேட்டையாடும். ஆனா அதே முசுறு, செதில்பூச்சி கிட்ட இனிப்பும் வாங்கித் தின்னும். எந்த எறும்பு, எந்த மரம், எந்தப் பூச்சின்னு பார்க்காம நண்பன், எதிரின்னு பட்டம் கொடுக்கறது என்ன நியாயம்?

இந்த வருசம் துணி கட்டின மரத்தில் பொறிவண்டுப் புழு ஊருது. தம்பிக்கும் காட்டினேன். அவர் வீட்டுச் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சியாம்.

உங்க வீட்லயும் இருந்தா, தொட்டியைத் தண்ணித் தட்டுக்கு நடுவே கல் வச்சு அது மேல தூக்கி வைங்க; கொசு வராம தண்ணியை அடிக்கடி மாத்துங்க. கிளை சுவத்துல படாம வெட்டி விடுங்க. பட்டா எறும்பு அந்த வழியா ஏறிடும். மரமா இருந்தா கிரீஸை மரப்பட்டையில் நேரா தடவாதீங்க, பட்டை கெட்டுப்போகும். துணி சுத்தி அது மேல தடவுங்க. தூசி படிஞ்சா மறுபடி தடவணும்.