அடிக்கடி விழும் பிள்ளை

“இவன் சரியான சோம்பேறி. படி ஏறச் சொன்னால் தூக்கச் சொல்றான்” என்கிறார் தாய். “இவன்ட வாப்பாவும் சுணங்கித்தான் நடந்தார், வளர வளரச் சரியாகிடும்” என்கிறார் மூத்தம்மா. பல பிள்ளைகள் சுணங்கித்தான் நடக்கின்றன, பிறகு தேறிவிடுகின்றன. ஆனால் மூன்று, நான்கு வயதாகியும் ஓட முடியாமல் அடிக்கடி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது சரியல்ல. அவனுடைய தசைகளில் குறை இருக்கலாம்.

தாய்மாரே, வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையை நிலத்தில் உட்காரவைத்து எழும்பச் சொல்லுங்கள். சுகமான பிள்ளை சட்டென்று எழும்பிவிடும். இடுப்பிலும் தொடையிலும் பலம் குறைந்த பிள்ளை குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, பிறகு முழங்காலையும் தொடையையும் பிடித்துப் பிடித்துத்தான் நிமிரும். நுனிக்காலில் நடப்பது, தாரா போல ஆடி நடப்பது, கெண்டைக்கால் பருத்து இறுகியிருப்பது ஆகியனவும் அடையாளங்களே. கெண்டைக்கால் பருத்திருப்பதைக் கண்டு “நல்ல சதைப்பிடிப்பு” என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

இவற்றில் ஏதும் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டி, “கிரியேட்டின் கைனேஸ் இரத்தப் பரிசோதனை தேவையா?” என்று கேளுங்கள். தசை சிதையும்போது இந்தப் பொருள் இரத்தத்தில் கூடும். டுஷென் எனப்படும் தசைநலிவு நோயில் அது வழமையைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். ஏறத்தாழ 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. ஈரல் பரிசோதனையில் கூடிக் காணப்படும் சில நொதிகள் தசையிலிருந்தும் வரக்கூடியவை. அதனால் இல்லாத ஈரல் நோய்க்கு மருந்து தேடி மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களும் உண்டு.

விசேட வைத்திய நிபுணரிடம் போகச் சொன்னால் பயப்பட வேண்டாம். தசைப் பலவீனம் எல்லாம் ஒரே நோயல்ல. கண் இமையிலும் விரல் மூட்டுகளிலும் சிவந்த தடிப்போடு வரும் தசை அழற்சியை மருந்தால் கட்டுப்படுத்தலாம். தைரொயிட் குறைவால் வரும் பலவீனத்துக்கும் மருந்து உண்டு. டுஷென் நோயை முற்றாக மாற்ற இன்னும் வழியில்லை. எனினும் உரிய காலத்தில் ஸ்டீரொயிட் மருந்து தொடங்கினால் பிள்ளை கூடுதலான காலம் நடக்கும். இருதயத்தையும் சுவாசத்தையும் காலாகாலத்தில் பரிசோதிக்கலாம். நோயின் பெயர் தெரியாமல் இவை ஒன்றும் நடவாது.

உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கிச் சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் செல்லுங்கள். கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, பழைய பரிசோதனைத் தாள்கள், கொடுத்த மருந்துகளின் விபரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பிள்ளை எழும்பும் விதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் நிபுணருக்குப் பெரிய உதவி.

நோய் இன்னதென்று தெரியும்வரை இரண்டு விடயங்களில் கவனம் தேவை. பலம் வரட்டும் என்று கடுமையான பயிற்சி செய்விக்காதீர்கள். கத்னாவோ வேறு சத்திரசிகிச்சையோ முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாயின், பிள்ளையின் தசைப் பலவீனத்தை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இத்தகைய பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தானவை.

சில நாட்களுக்குள் கால்கள் திடீரெனச் சோர்ந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டால், சிறுநீர் கறுத்துப் போனால் கடிதத்துக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, குடும்பத்தாருக்கு ஒரு சொல். டுஷென் நோயின் மரபணு பல வேளைகளில் தாய் வழியாக வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளையிலோ புதிதாகவே மாற்றம் ஏற்படுகிறது. எப்படி வந்தாலும் அது தாயின் குற்றமல்ல. வேறு சில தசை, நரம்பு நோய்கள் சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. சாச்சி, பெரியம்மா ஆகியோரின் ஆண் மக்களையும் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழி சொல்வதில் போகும் நாட்கள் பிள்ளைக்குச் சேரவேண்டிய நாட்கள்.