முறைமாறிய கோடையும் முற்றத்துச் செடியும்

புதுவையின் கோடை நண்பகலைத் தணிப்பது கடற்காற்று. அது பிந்தும் நாளில் முற்றத்துச் செடிகள் படும் பாட்டை நாம் அறிவோம். 2024 மே முற்பகுதியில் தமிழகம் எங்கும் கடும் வெப்பம், பிற்பகுதியில் கோடைமழை. வெப்பம் 35 பாகையைக் கடந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழக்கும். பூ காயாகாமல் உதிரும். இரவும் தணியாவிடில் இழப்பு மிகும். மருதாணி மட்டும் எதையும் தாங்கும்!

முல்லா வீதியிலாயினும் வேறெங்காயினும், மண் முற்றத்தைச் சிமெண்டால் மூடிவிட்டு வானத்தைப் பழிப்பது முறையன்று என்பதே நம் கருத்து. பகலில் ஏற்ற சூட்டைச் சிமெண்டுத் தளம் இரவில் கக்குகிறது. கோடைமழை மண்ணுள் இறங்காது சாக்கடை சேர்கிறது. நிலத்தடி நீர் உவர்த்துவரும் கடலோர ஊரில் அம்மழை எளிதில் இழக்கத்தக்கதா? வேரைச் சுற்றி நான்கு சாண் மண்ணேனும் விட்டுச் சருகு பரப்பலாம். சருகைக் கூட்டி எரித்தே பழகிய நம்மவர் இதற்கு உடன்படுவரோ, அறியோம்.