பாதரசத்தை வெயில் என்ன செய்யும்?

தண்ணீரில் சாயமோ பூச்சிமருந்தோ கலந்துவிட்டால் "நாலு நாள் வெயில் பட்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பல கரிமச் சேர்மங்களின் பிணைப்புகளை உடைக்கின்றன. நேரடியாக உடையாதவையும், தண்ணீரில் கரைந்திருக்கும் இலைமக்கு ஒளியை உறிஞ்சி உண்டாக்கும் வேதித் துணுக்குகளால் சிதைகின்றன. ஆனால் இந்த நம்பிக்கையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் கதை வேறு.

அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் வலு சுமார் 10 சதவீதம் கூடும். சூரியனை ஆராயவென்றே நூறு வருடங்களுக்கு மேலாக ஓர் ஆய்வகமே இருக்கிற மலை அது! பிரச்சினை, அங்கே கொட்டப்பட்டது பாதரசம் என்பதுதான்.

1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பின்பு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பது வெளிவந்தது, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணில் இறங்கியது மட்டும் எங்கேயும் போகவில்லை.

பாதரசம் ஒரு தனிமம். வெயில் அதை அழிக்காது, உருவத்தைத்தான் மாற்றும். ஏரி அடியில், ஆக்சிஜன் இல்லாத வண்டலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் ஆக்குகின்றன. மீனில் சேர்ந்து மனித நரம்பைத் தாக்கும் வடிவம் இதுதான். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த கொடுமைக்கும் இதுவே காரணம். இந்த மெத்தில் பாதரசத்தை வெயில் உடைக்கும் என்பதைக் கனடா நாட்டு ஏரியில் செய்த ஆய்வு 1996-ல் காட்டியது. நல்ல செய்திதான்... ஆனால் உடைந்தபின் மிஞ்சுவது என்ன? மறுபடி பாதரசம்! அதில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் மாதக்கணக்கில் சுற்றி, மழையோடு வேறெங்கோ இறங்கும். மீதி வண்டலுக்குப் போய், பாக்டீரியாவிடம் திரும்பவும் மாட்டும்.

இன்னொன்று, புற ஊதாக் கதிர் கலங்கலான நீரில் அதிக ஆழம் போகாது. மேல்மட்டத்தில் உடைக்கும் வேலை, அடிமட்டத்தில் உருவாக்கும் வேலை, இரண்டும் ஒரே ஏரியில் நடக்கின்றன. தொழிற்சாலைக்குக் கீழே இருப்பதோ பாம்பார் சோலை. நடுப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் சோலைக்காட்டு ஓடையில் வெயில் எதை உடைக்கும்? கீழே கும்பக்கரை அருவியாக விழுவது இந்தப் பாம்பாறுதான். கொடை ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆக, இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு இங்கே செல்லாது. மண்ணை எடுத்துக் கழுவத்தான் வேண்டும். அதிலும் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று இலக்கு வைத்தார்கள். குடியிருப்பு நிலத்தை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. ஓடைக்கும் மீனுக்கும் மேலே, மலைச்சரிவில் இருக்கும் மண்ணுக்கு அது மிகத் தாராளம் என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தது நியாயமே. 20 மில்லிகிராம் என்றால் ஒரு டன் மண்ணில் 20 கிராம். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராமுக்கும் கீழே.