ஐந்நூறு கஜ சூரர்கள்

ஜான் செட்ஜ்விக் என்று ஒரு ஜெனரல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் பெரிய தளபதிகளில் ஒருவர். 1864 மே 9-ம் தேதி, வர்ஜீனியாவில் ஸ்பாட்ஸில்வேனியா என்ற இடத்தில் தெற்கத்திக்காரர்கள் எங்கோ தொலைவில் மறைந்திருந்து சுட, இவருடைய சிப்பாய்கள் குனிந்து குனிந்து பதுங்கினார்கள். ஜெனரலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை தூரத்திலிருந்து அவன்களால் ஒரு யானையைக்கூடச் சுட முடியாது என்று கேலி செய்தார். கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து காலமானார். தூரம் ஆயிரம் கஜம் என்கிறார்கள். குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. (ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி அளப்பார்களே, அந்தக் கஜம்தான். மூன்று அடி. கஜம் என்றால் யானை என்று இன்னொரு அர்த்தம் இருப்பதற்கும் ஜெனரலுக்கும் சம்பந்தமில்லை.)

பத்து வருஷம் கழித்து, 1874-ல், டெக்ஸாஸில் அடோபி வால்ஸ் என்ற வியாபாரக் குடியிருப்பை கமான்சி முதலான பழங்குடி வீரர்கள் முற்றுகையிட்டார்கள். உள்ளே எருமை வேட்டைக்காரர்கள் சிலர். அவர்களில் பில்லி டிக்ஸன் என்ற இளைஞர் இரவல் துப்பாக்கி ஒன்றை வாங்கி, தூரத்து மேட்டில் குதிரைமேல் தெரிந்த உருவங்களைக் குறிவைத்து ஒரு வெடி வெடித்தார். ஒருவர் குதிரையிலிருந்து சரிந்தார். பிற்பாடு அளந்ததில் 1538 கஜம் வந்ததாகச் சொல்கிறார்கள். முக்கால் மைலுக்கு மேல்!

அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு இந்த இரண்டும் பாட்டி கதை மாதிரி. அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாமும் சுட்டால் என்ன என்று கை ஊறுவதில் வியப்பில்லை. ஆனால், 'அது ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் பட்டது' என்று பிற்காலத்தில் டிக்ஸனே சொல்லிவிட்டார். கதையில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்றைக்கு அக்டோபர், நவம்பர் மாதம் வந்தால் வயோமிங், மொன்டானா, கொலராடோ பக்கம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் ஏராளம். நம் ஊரில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்காரர்களைப் பழைய ஃபோட்டோக்களுக்கு அனுப்பிவிட்டது. அங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். சுட்ட மானைக் குளிர்பெட்டியில் வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற குடும்பங்கள் உண்டு. அதைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. என் சண்டை 'ஐந்நூறு கஜத்தில் அடித்தேன் சார்' என்கிற பேர்வழியுடன்.

பிடிபடாமல் நழுவிய மீன் வருஷா வருஷம் வளரும் என்பார்கள். சுட்ட மான் வளர்வதில்லை. வருஷா வருஷம் தள்ளிப் போய் நிற்கிறது. போன வருஷம் முந்நூறு கஜத்தில் நின்ற மான் இந்த வருஷம் நானூறில் நிற்கும். மகன் கல்யாணத்துக்குள் அடுத்த மாகாணத்துக்கே போய்விடும்.

சும்மாவும் சொல்லவில்லை, சட்டைப் பையில் ஆதாரம் வைத்திருப்பார். துப்பாக்கி மைதானத்தில் சுட்ட இலக்கு அட்டை. நட்டநடுவில் மூன்று ஓட்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அது அவர் சுட்ட நாற்பது அட்டைகளில் மிகச் சிறந்தது. மற்ற முப்பத்தொன்பதும் மைதானத்துக் குப்பைத்தொட்டியில். பையன் கணக்கில் 98 வாங்கிய ஒரே ஒரு பேப்பரை ஃப்ரேம் போட்டு மாட்டுகிற அப்பாக்கள் நமக்குத் தெரியாதவர்களா?

1981-ல் ஸ்வென்ஸன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். கார் ஓட்டுவதில் உங்கள் திறமை எப்படி என்று கேட்டதில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவிகிதம் பேர் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பாதியில் 93 பேரை எப்படி அடைப்பது என்று கேட்கக்கூடாது. ஸ்வீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம்: 69. தினமும் ஓட்டுகிற காரிலேயே இப்படியென்றால், வருஷத்தில் ஒரு வாரம் தூக்குகிற துப்பாக்கியில்?

சரி, ஐந்நூறு கஜத்தில் அப்படி என்ன கஷ்டம்? துப்பாக்கியை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து குண்டு கீழே விழ ஆரம்பிக்கிறது. மரத்திலிருந்து மாங்காய் விழுகிற அதே கணக்குதான். 'தர்ட்டி-ஆட்-சிக்ஸ்' என்று ஒரு தோட்டா. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்து இன்றுவரை வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதில் 180 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 12 கிராம். 200 கஜத்தில் சரியாகப் படும்படி குறியை அமைத்துவிட்டால், 300-ல் எட்டு அங்குலம் கீழே போய்விடும். 400-ல் இரண்டு அடி. 500-ல் கிட்டத்தட்ட நாலு அடி. ஒவ்வொரு நூறு கஜமும் முந்தைய நூறைவிட மோசமான நூறு. நானூற்றைம்பதை நானூறு என்று கண்ணால் கணித்து ஏமாந்தால், முக்கால் அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். ஒரு மானின் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடமே சுமார் பத்து அங்குலம்தான். ஒரு சாப்பாட்டுத் தட்டு சைஸ்.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது லேசர் இருக்கிறது' என்பார் நம்மவர். உண்மைதான். பொத்தானை அழுத்தினால் தூரத்தை ஒரு கஜம் பிசகாமல் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. எவ்வளவு விழும் என்பதைச் செல்போன் கணக்குப் போட்டுச் சொல்கிறது. டெலஸ்கோப்பின் தலையில் உள்ள திருகை அத்தனை கிளிக் திருப்பினால் போதும். தூரம், வீழ்ச்சி இரண்டும் தீர்ந்த பிரச்னைகள். இவரோ எல்லாமே தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார். வாயு பகவான் அப்படி நினைக்கவில்லை.

மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஐந்நூறு கஜத்தில் அதே குண்டை ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிவிடும். பத்து மைல் என்பது புயலில்லை. இலை சலசலக்க, சிறு கிளைகள் ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அதை ஐந்து மைல் என்று தப்பாக எடைபோட்டால் பத்து அங்குலம் விலகும். நுரையீரலில் படவேண்டியது வயிற்றில் படும். ஒஹையோவில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907-லிருந்து தேசிய துப்பாக்கிப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஆயிரம் கஜம் சுடுகிற நிஜமான வித்வான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காற்றைப் படிக்க மைதானத்தில் கொடிகள் கட்டியிருக்கும். மலையில் யார் கொடி கட்டுவது? பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் கன்னத்தில் படுகிற காற்று வேறு; நடுவில் வேறு; அந்தப் பக்கம் மான் நிற்கும் சரிவில் அது மேல்நோக்கிக்கூடப் போகும்.

மைதானத்தில் மேஜை உண்டு, நாற்காலி உண்டு, துப்பாக்கியைச் சாய்த்துவைக்க மணல் மூட்டை உண்டு. ஃபிளாஸ்க்கில் காபிகூட உண்டு. மலையில் ஒன்பதாயிரம் அடி உயரம், காலையிலிருந்து நடை, மேல்மூச்சு கீழ்மூச்சு. உட்காரலாமென்றால் கீழே கள்ளிச்செடி. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. கூட வந்த வழிகாட்டி, 'சுடுங்க, சுடுங்க, போயிடும்' என்று காதுக்குள் நச்சரிக்கிறார். கொம்பைப் பார்த்ததும் நெஞ்சு தடதடவென்று அடித்து, கை நடுங்கி, சிலருக்குக் குதிரையை இழுக்கவே மறந்துபோகும். இதற்கு 'பக் ஃபீவர்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கலைமான் காய்ச்சல்.

எல்லாம் சரியாகவே நடந்ததென்று வையுங்கள். குண்டு ஐந்நூறு கஜம் போய்ச்சேர முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதற்குள் மான் அடுத்த புல்லுக்காக ஓர் எட்டு எடுத்துவைத்தால் தீர்ந்தது. அது நிற்குமா நடக்குமா என்று எந்த செல்போனும் சொல்லாது.

பழைய வேட்டைக்காரர்களிடம் செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. காகிதத் தட்டு ஒன்றை நட்டுவையுங்கள். மேஜையில்லாமல், மூட்டையில்லாமல், காட்டில் எப்படி உட்காருவீர்களோ, நிற்பீர்களோ அப்படிச் சுடுங்கள். முதல் குண்டே தட்டில் படவேண்டும். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். எந்தத் தூரம்வரை அது நடக்கிறதோ அதுதான் உங்கள் தூரம். நின்றபடி சுட்டால் நூறு கஜத்திலேயே தட்டு தப்பிப் பிழைப்பது சகஜம். அந்தத் தட்டை யாரும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதில்லை.

வருஷக்கணக்காகச் சுட்டும் இவர்களுக்கு ஏன் புத்தி வருவதில்லை? தூரமே அதைத் தடுத்துவிடுகிறது. ஐம்பது கஜத்தில் சுட்டால், பட்டதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். ஐந்நூறு கஜத்தில் வயிற்றில் குண்டு வாங்கிய மான் சினிமாவில் வருவதுபோல் சுருண்டு விழுவதில்லை. ஒருமுறை துள்ளும், முதுகைக் கூனும், நடந்து மரங்களுக்குள் போய்விடும். அதற்குள் துப்பாக்கி உதைத்து டெலஸ்கோப் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மறுபடி குறியில் கண் வைக்கும்போது அங்கே ஒன்றுமில்லை. 'சே, மிஸ் ஆயிடுச்சு!'

நியாயமாக அங்கே போய்ப் பார்க்கவேண்டும். பள்ளத்தாக்கில் இறங்கி ஏற அரைமணி, முக்கால் மணி நேரம். போனால் இன்னொரு சங்கடம்: இங்கிருந்து பார்க்கும்போது மான் ஒரு தனிப் புதர் பக்கத்தில் நின்றது, அங்கே போனால் அதே மாதிரி நாற்பது புதர். எதனடியில் ரத்தத் துளியைத் தேடுவது? இருட்டும் ஆகிவிட்டது. 'படவே இல்லைங்க, சுத்தமா மிஸ்' என்று தீர்ப்பெழுதித் திரும்புகிறார். மான் பல மணி நேரம் கழித்து எங்கோ ஒரு மரத்தடியில் சாகிறது. கயோட்டி நரிகள் வருகின்றன. அவர் கணக்குப் புத்தகத்தில் பட்டது ஒன்று, படாதது மூன்று, காயம் பூஜ்யம். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பூஜ்யம் அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பித்த பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழம்பெரும் சங்கம். மிருகத்தோடு எந்த சம்பந்தமும் வேண்டாம், என் துப்பாக்கி எவ்வளவு தூரம் போகும் என்று உயிருள்ளதன்மேல் சோதித்துப் பார்க்கிறேன் என்றால், அதற்கு வேட்டை என்று பெயரில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். (ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டப்பார்வை, தடித்த கண்ணாடி. தான் பெரிய குறிகாரனில்லை என்பதை மறைத்ததுமில்லை.)

அமெரிக்க மான் பேசாமல் போய்ச் சாகிறது. எல்லா மிருகமும் அத்தனை மரியாதையாக நடந்துகொள்வதில்லை. 1907-ல் இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியில், சம்பாவத் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பெண்புலியை ஜிம் கார்பெட் கொன்றார். அதற்குள் அது நேபாளத்தில் 200 பேர், இந்தியாவில் 236 பேர் என்று 436 மனித உயிர்களைக் கொன்றிருந்தது. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலதுபக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி ஒடிந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். மானையும் பன்றியையும் கடித்து அடக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று எழுதினார்.

சுட்டவர் யார், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவரும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், 'தப்பிச்சுடுச்சு' என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

கார்பெட் அந்த வேட்டையை எழுதியிருக்கும் விதம் ஐந்நூறு கஜ சூரர்களுக்கு ரசிக்காது. புலியைக் கலைக்க ஊர்க்காரர்கள் முந்நூறு பேர்வரை கூடிவிட்டார்கள். இவர் கொண்டுபோனதோ மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்துவிட்டன. அடிபட்ட புலி எதிரே பாறைமேல் நிற்கிறது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். கிட்டே போய்த் தூக்கிப் பார்த்தால் குழாய்க்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிகிற ஓட்டைத் துப்பாக்கி. வேறு வழியில்லை. இருபது அடி தூரம். கஜம்கூட இல்லை, அடி! புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். புலி செத்து விழுந்தது. ஆனால் அந்தக் குண்டால் இல்லை, முன்பே பட்டிருந்த காயங்களால். தாசில்தார் குண்டு வாயில் படவில்லை, வலது முன்பாதத்தில் பட்டது; பிறகு அதை நகத்தாலேயே நெம்பி எடுத்தேன் என்று கார்பெட்டே எழுதிவைத்திருக்கிறார்.