பறக்காத மணிகள்

வியாபார விமானி லைசென்ஸ் பெற விரும்பும் இளைஞர் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது நமது நாட்டுச் சட்டம். அதில் 100 மணி, விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 20 மணி ஊர்விட்டு ஊர் சென்றதாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு பிரயாணம் 300 கடல் மைலுக்குக் குறையலாகாது. இரவில் 5 மணி பறந்து, பத்து முறை ஏறி இறங்க வேண்டும். இவ்வளவும் அவருடைய பதிவுப் புத்தகத்தில் ஏறுகிறது. அந்தப் புத்தகத்தை நம்பித்தான் நாளை நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அவருக்குப் பின்னால் உட்காரப் போகிறார்கள்.

அந்தப் புத்தகமே பொய் சொல்லக்கூடும் என்பதை 2011-ல் தேசம் கண்டது. வடநாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றில், தரையை விட்டுக் கிளம்பாத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்தது அம்பலமாயிற்று. சிலர் கைது செய்யப்பட்டனர், லைசென்ஸ்கள் ரத்தாயின. தண்டித்தது சரியே. அத்துடன் தன் கடமை தீர்ந்ததென்று சர்க்கார் நினைத்தால், அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

பொய் மணி ஏன் விலைபோகிறது? பயிற்சிக்கு லட்சக்கணக்கான ரூபாய் வேண்டும். தகப்பனார் வீட்டை அடமானம் வைத்துக் கட்டுகிறார். பள்ளியிலோ விமானம் பழுது; ஆசிரியர் இல்லை; வடக்கே மூடுபனி, தெற்கே மழை. மாணவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். வட்டி காத்திருப்பதில்லை. இந்த நிலையில், பேனாவினால் பறக்கலாம் என்று ஒருவன் காதில் ஓதினால் மயங்குகிறவர்களும் இருப்பார்கள்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு மணிக்கு ஆகும் செலவு இன்னும் அதிகம். அங்கே பொய் எழுதுவதுதான் மகா பாதகம். ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், ஓடுகிற எஞ்சின் விமானத்தை நின்றதன் பக்கமாகத் திருப்பித் தள்ளும். விமானி அந்த க்ஷணமே மறுபக்கத்துக் கால்மிதியை அழுத்த வேண்டும், வேகத்தையும் விடக்கூடாது. வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் சுக்கானுக்கு வலுவில்லை, விமானம் புரண்டுவிடும். இந்த வித்தை கைக்கும் காலுக்கும் பழக வேண்டியது. ஏட்டைப் படித்து வருவதல்ல. அமெரிக்காவில் இத்தகைய லைசென்ஸுக்கு வேண்டிய 250 மணியில், 10 மணியாவது இரட்டை எஞ்சினில் தனியாகவோ, ஆசிரியர் பக்கத்திலிருக்கத் தலைமை விமானியின் பொறுப்பை வகித்தோ பறந்திருக்க வேண்டும் என்று விதித்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஜே. ஆர். டி. டாட்டா பம்பாயில் லைசென்ஸ் பெற்றது 1929-ல். சர்க்கார் ரேபரேலி ஜில்லாவில் விமானப் பயிற்சிக் கழகம் நிறுவியது 1985-ல். இன்றும் நம் இளைஞர்கள் மணிகளைச் சேர்ப்பதற்கு அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பம் கட்டுகிறார்கள். சுயராஜ்ய தேசத்துக்கு இது அழகா?

ஏழை மாணவர்களுக்கு உபகாரச் சம்பளமும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். பள்ளிகளின் பதிவுகளை எஞ்சின் ஓடிய கணக்குடனும், விமான நிலையக் கோபுரத்தின் குறிப்புடனும், முன்னறிவிப்பின்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொய் எழுதிய மாணவரோடு, கையெழுத்திட்ட ஆசிரியரும் பள்ளி முதலாளியும் கூண்டில் ஏற வேண்டும். பணமில்லை என்ற பதில் செல்லாது. புது விமான நிலையங்களின் திறப்பு விழாக்களுக்குப் பணம் இருக்கிறது. பார்லிமெண்டிலுள்ள நம் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே மந்திரியிடம் இதற்குப் பதில் கேட்க வேண்டும்.