பந்தலுக்கு மூலைக்கால் முக்கியம்

தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வட்டாரங்களில் விளைநிலம் மனைகளாகிச் சுருங்கி வருகிறது. வீட்டை ஒட்டி ஐந்து, பத்து சென்ட் வைத்திருப்பவருக்குப் பந்தல் காய்கறியே கைகொடுக்கும். ஆனால் பலர் அழகுக்காக விற்கப்படும் இரும்புப் பந்தலை நாடுகிறார்கள். அல்லது செலவுக்கு அஞ்சி எல்லாக் கால்களையும் சவுக்கிலேயே நட்டுவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் பயிர் வைக்கும் சிறு விவசாயிக்கு இரண்டுமே ஏற்றவையல்ல என்பது என் கருத்து.

நம் பகுதிப் பந்தலுக்கு முதல் பகை வடகிழக்குப் பருவமழைக் காலமே. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மண் ஊறி இளகியிருக்கும்போது, கொடி மூடிய பந்தல் பாய் விரித்தாற்போல் காற்றை வாங்கும். நடுக்கால்கள் சுமையைத் தாங்குகின்றன. காற்றின் இழுப்போ கம்பி வழியே ஓரக்கால்களுக்குப் போகிறது. மூலைக்கால் ஒன்று சாய்ந்தால் பந்தலே படுத்துவிடும்.

ஆகவே மூலைகளிலும் ஓரங்களிலும் கல்கால் அல்லது சிமெண்ட் கால், நடுவில் சவுக்கு என்ற கலப்புப் பந்தலே சிறந்தது. கால்களை இரண்டடி ஆழத்தில் நடுங்கள். மூலைக்காலைச் சற்று வெளிப்புறம் சாய்த்து நட்டு, வெளியே புதைத்த கல்லோடு இழுவைக் கம்பியால் பிணையுங்கள். சவுக்கு மண் மட்டத்தில்தான் முதலில் மக்கும். அடிப்பாகத்துக்குத் தார் பூசுவது நல்லது. மக்கிய நடுக்காலைப் பந்தலைப் பிரிக்காமலே மாற்றிவிடலாம்.

பட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். புடல் சுமார் 135 நாள் பயிர். தையில் விதைத்தால் கோடையிலேயே முடிந்துவிடும். தைப்பட்டம் மட்டும் செய்பவருக்கு முழுச் சவுக்குப் பந்தலே போதும். ஆடியில் விதைத்தால் காய்ப்பு ஐப்பசி, கார்த்திகையில் புயலைச் சந்திக்கும். கோவையோ பல ஆண்டு நிற்கும் பயிர். இவற்றுக்கு உறுதியான ஓரக்கால்கள் இன்றியமையாதவை.

உயரத்தைக் காய் தீர்மானிக்கட்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 புடல் 160 முதல் 180 சென்டிமீட்டர் வரை நீளும். ஐந்தரை அடிப் பந்தலில் அது தரையைத் தொட்டு அழுகும். ஆறரை அடி வேண்டும். தாழ்வான பந்தல்தான் முடியும் என்றால், சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கோ 2 குட்டைப் புடல், பாகல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பந்தலைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் அமைத்தால் கத்தரி, வெண்டைக்கு நிழல் தட்டாது.

கல்காலுக்குச் செலவு கூடுதல்தானே என்று கேட்கலாம். ஓரத்துக்கு மட்டும் என்பதால் எண்ணிக்கை குறைவு. மேலும், நிலம் கைமாறினாலோ குத்தகை முடிந்தாலோ கல்காலைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். காங்கிரீட்டில் பதித்துப் பற்றவைத்த இரும்புப் பந்தலை அவ்வாறு எடுத்துச்செல்வது எளிதல்ல. மனை வியாபாரம் பெருகிவரும் இப்பகுதியில் இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கால் வாங்கும் முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பந்தல் மானியம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள பணத்தை முதலில் மூலைக்கால்களில் போடுங்கள். மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.