மண்ணுக்கடியில் ஒரு கூப்பாடு



மசாலாச் சிறப்பிதழ் வருகிறது என்று அறிவித்ததுமே ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். கஞ்சாவில் இருக்கும் ஏதோ ஒன்று மிளகிலும் இருக்கிறதாமே, பேரனுக்கு மிளகு ரசம் கொடுக்கலாமா என்பது அவர் கவலை. தாராளமாகக் கொடுங்கள் அம்மா.

அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. அந்தப் பொருளின் பெயர் பீட்டா-கேரியோஃபிலீன். செடிகளுக்கு மணம் தரும் டெர்பீன்களில் ஒன்று. மிளகு, கிராம்பு, கறிவேப்பிலை, துளசி, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ், கஞ்சா என எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ உண்டு. மிளகின் காரம் வேறு கணக்கு. அது பைப்பரினின் வேலை. பைப்பரின் லேசில் ஆவியாகாது. இடிக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, மரவாசம் கலந்த ஒரு நெடி, அதில்தான் கேரியோஃபிலீனுக்குப் பங்கு. பொடித்து வைத்த மிளகு நாள்பட்டால் காரம் நிற்கும், மணம் பறந்துவிடும்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற இன்னொரு பொருள். மூளையில் நிறைந்திருக்கும் சி.பி.1 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டுதான் அது தன் வேலையைக் காட்டுகிறது. கேரியோஃபிலீன் அந்தப் பக்கமே போவதில்லை. நோய் எதிர்ப்புச் செல்களில் அதிகமாகக் காணப்படும் சி.பி.2 ஏற்பியில்தான் அது ஒட்டுகிறது என்று 2008இல் யூர்க் கெர்ட்ஷும் அவர் குழுவினரும் கண்டார்கள். வாய்வழி கொடுத்தபோது எலிகளுக்கு வீக்கம் குறைந்தது. இதை வைத்துக்கொண்டு சர்வரோக நிவாரணி என்று குப்பி குப்பியாக விற்கிறார்கள். எலிக்குக் குறைந்தது நமக்கும் குறையும் என்று நம்பி நான் காசு கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. கஞ்சா மூட்டையை மோப்ப நாய் கண்டுபிடிப்பது டி.எச்.சி.யின் வாசத்தால் அல்ல. கேரியோஃபிலீன் காற்றுபட்டு மாறி உருவாகும் ஆக்சைடுதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் என்னை மலைக்க வைத்தது சமையலறையும் இல்லை, கஞ்சாவும் இல்லை, மக்காச்சோளம். அதன் வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழு அமெரிக்க விவசாயிகளுக்குத் தீராத தலைவலி. புழு கடித்ததும் மக்காச்சோள வேர் மண்ணுக்குள் கேரியோஃபிலீனைக் கசியவிடுகிறது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்கள் வந்து, வேர்ப்புழுவின் உடலுக்குள் புகுந்து கொன்றுவிடுகின்றன. சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெல் பல்கலைக்கழகத்தில் டெட் டர்லிங்ஸ் குழுவினர் இதை 2005இல் வெளியிட்டார்கள். வாசம் விடும் ரகத்தின் வேரில் இருந்த புழுக்களை நூற்புழுக்கள் தாக்கியது, வாசம் விடாத ரகத்தைவிட ஐந்து மடங்கு அதிகம்.

வாசம் விடாத ரகமா? ஆம். வட அமெரிக்க ரகங்களில் பெரும்பாலானவை இப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டன. மரபணு இருக்கிறது, வாய் திறப்பதில்லை. விளைச்சலைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் வேரின் வாசத்தையா முகர்ந்து பார்த்திருக்கப் போகிறார்கள்! 2009இல், பீட்சாவோடு பொட்டலத்தில் வருகிறதே அந்த ஓரிகானோ, அதிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து ஊமையாகிப்போன ரகம் ஒன்றில் சேர்த்தார்கள். மிசூரி வயலில் நூற்புழுக்களை விட்டுப் பார்த்தபோது, அந்தச் செடிகளின் அடியிலிருந்து வெளிவந்த வண்டுகள் 60 சதவீதம் குறைவு.

அத்தோடு முடிந்திருந்தால் விளம்பரம் போலத்தான் இருந்திருக்கும். புதிய செடிக்குக் கடித்தாலும் கூப்பாடு, கடிக்காவிட்டாலும் கூப்பாடு. பிறகு நடந்த வயல் சோதனைகளில் அதன் முளைப்பும் வளர்ச்சியும் விளைச்சலும் குறைந்தன. தரைக்கு மேலே வேறு பூச்சிகளும் தேடி வந்தன. ஆபத்து வரும்போது மட்டும் கூப்பிடும் பழைய ரகங்களுக்கு இந்தச் செலவு இல்லை.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மிளகுக்கொடி வளர்க்கும் வாசகர்கள் நமக்கு உண்டு. பூச்சி விழுந்த கொடியின் இலையைக் கசக்கினால் வாசம் மாறுகிறதா, உங்கள் ஊரில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்